ஒளிபரப்பு உரிமம் வாங்கியவர் கேள்வி கேட்பாரா?



விளையாட்டுத் தொலைக்காட்சியின் செய்தி நெறியைப் பற்றிய கருத்தரங்கைக் கோலாலம்பூரில் கூட்டுவது எளிது. நிறுவனங்களும் அவற்றின் நிலையங்களும் அந்தப் பக்கம்தான் இருக்கின்றன. ஆனால் நீங்கள் சுங்கைப் பட்டாணியில் கூட்டியிருக்கிறீர்கள். இது சரியான முடிவு என்பதற்குக் கெடா காற்பந்தின் கடந்த இருபது ஆண்டுகளே சான்று.

2006-07 பருவத்தில் கெடா அணி சூப்பர் லீக், எஃப்.ஏ. கிண்ணம், மலேசியக் கிண்ணம் மூன்றையும் வென்றது. பயிற்றுநர் அஸ்ராய் கோர் அப்துல்லா. அடுத்த பருவத்திலும் அதே மூன்று பட்டங்கள். 2016-இல் மீண்டும் மலேசியக் கிண்ணம், 2017-இலும் 2019-இலும் எஃப்.ஏ. கிண்ணம். பச்சை மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு பாடாங் செராயிலிருந்தும் பீடோங்கிலிருந்தும் அலோர் ஸ்டார் டாருல் அமான் அரங்குக்குப் போன நம் பிள்ளைகள் எத்தனையோ பேர். அந்தக் கெடாதான் 2023-இல் ஆட்டக்காரர்களின் சம்பள நிலுவைக்காகப் புள்ளிகளை இழந்தது. 2025-26 சூப்பர் லீக்கில் கெடாவின் பெயரே இல்லை.

இது ஒரே நாளில் நிகழ்ந்த வீழ்ச்சி இல்லை. இந்தக் காலம் முழுவதும் கெடாவின் ஆட்டங்களைத் திரையில் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். ஆட்டத்துக்கு முன் பேச்சு, இடைவேளையில் பேச்சு, முடிந்த பின் பேச்சு. எந்த ஆட்டக்காரரை எப்போது மாற்றியிருக்க வேண்டும், நடுவர் கொடுத்த பெனால்டி சரியா என்றெல்லாம் மணிக்கணக்கில் அலசினார்கள். களத்தில் ஓடுகிறவருக்குப் போன மாதச் சம்பளம் வந்ததா என்ற கேள்வியை நாம் பெரும்பாலும் நாளேட்டில்தான் படித்தோம். ஆட்டத்தைக் காட்டிய திரையில் அந்தக் கேள்விக்கு ஒரு மூலை கிடைத்ததே அரிது. சம்பளம் வராத வீட்டின் நிலையைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அந்த நிலையில் ஒருவர் தொண்ணூறு நிமிடம் ஓடுகிறார் என்பது, அந்த ஆட்டத்தைப் பற்றிய முதன்மையான செய்தி என்று நான் கருதுகிறேன்.

ஏன் அது செய்தியாகவில்லை? செய்தியாளரின் சோம்பலை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போக முடியாது. பணம் போகும் வழியைப் பார்க்க வேண்டும். மலேசிய லீக்கை நடத்தும் நிறுவனம், எம்.பி. அண்ட் சில்வா என்ற பன்னாட்டு உரிமை வணிக நிறுவனத்துடன் 2016 முதல் 15 ஆண்டுகளுக்கு 126 கோடி ரிங்கிட் மதிப்பில் உடன்பாடு செய்துகொண்டது. அது நிலைக்கவில்லை. அந்த வணிக நிறுவனமே 2018-இல் திவாலாகிக் கலைக்கப்பட்டது. 2018-இல் டெலிகோம் மலேசியா வந்தது: எட்டு ஆண்டு, 48 கோடி ரிங்கிட் என்றார்கள். அடுத்த ஆண்டே அதுவும் முறிந்தது. ஒளிபரப்பு வருமானத்தை நம்பி ஆண்டுக் கணக்குப் போட்டிருந்த மாநிலக் குழுக்களுக்கு இதன் பொருள் என்ன, எந்த ஆட்டக்காரரின் வீட்டில் இது போய் இடித்தது என்று கேட்க வேண்டியவர்கள் விளையாட்டுச் செய்தியாளர்கள். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டால் ஒளிபரப்புத் துறை தன்னையே விசாரிக்க வேண்டியிருக்கும். அங்கேதான் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

உரிமம் வாங்கிய நிறுவனம் அந்தப் போட்டியின் பங்காளி ஆகிவிடுகிறது. போட்டி மதிப்பாகத் தெரிந்தால்தான் சந்தா விற்கும், விளம்பரம் வரும். உடைமாற்றும் அறை வரை கேமரா போக லீக்கின் அனுமதி வேண்டும். பயிற்றுநர் நேர்காணல் கொடுக்க வேண்டும். அடுத்த முறை உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். இவ்வளவு வேண்டியிருக்கும்போது யாரும் தொலைபேசியில் அழைத்து மிரட்டத் தேவையில்லை. எதைக் கேட்கக்கூடாது என்பது நிலையத்தில் எல்லாருக்கும் தானாகவே தெரிந்துவிடுகிறது.

இது மலேசியாவுக்கு மட்டும் உரிய நோய் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஈ.எஸ்.பி.என். என்ற பெயர் இங்கே பழைய பார்வையாளர்களுக்குத் தெரியும். ஈ.எஸ்.பி.என். ஸ்டார் ஸ்போர்ட்ஸ் வழியாகத்தான் நம் வீடுகளுக்குள் ஐரோப்பியக் காற்பந்து வந்தது. அமெரிக்காவில் அந்த நிறுவனத்தின் இரண்டு செய்தியாளர்கள், அமெரிக்கக் காற்பந்தாட்டத்தில் தலையில் அடிபட்டு மூளை பாதிக்கப்படுவதைப் பற்றியும், அந்த ஆட்டத்தை நடத்தும் லீக் அதை எப்படிக் கையாண்டது என்பதைப் பற்றியும் துருவி எழுதினார்கள். அதே பொருளைப் பற்றிய பி.பி.எஸ். பொதுத் தொலைக்காட்சியின் ஆவணப்படத்துக்கு ஈ.எஸ்.பி.என். கூட்டாளியாகவும் இருந்தது. 2013 ஆகஸ்டில், படம் வெளிவரும் முன்பே, தன் பெயரையும் சின்னத்தையும் எடுத்துக்கொண்டு விலகியது. லீக் அழுத்தம் கொடுத்தது என்று நாளேடுகள் எழுதின, நிறுவனம் மறுத்தது. அந்த லீக்கின் ஆட்டங்களுக்குத்தான் அது பெரும் பணம் கட்டிக்கொண்டிருந்தது. படம் அக்டோபரில் அந்தச் சின்னம் இல்லாமலே வெளிவந்தது.

அந்த நிறுவனத்தில் நாம் கற்றுக்கொள்ள வேண்டிய நல்லதும் ஒன்று இருந்தது. 2005 முதல் பார்வையாளர் சார்பில் அதன் செய்திகளை விமர்சிக்கத் தனியாக ஒருவரை அமர்த்தி, அவர் எழுதுவதைத் தன் தளத்திலேயே வெளியிட்டது. நிறுவனத்தைக் கடிந்து எழுதியதும் அதே தளத்தில் வந்தது. 2018-இல் அந்தப் பதவியை எடுத்துவிட்டார்கள். நம் நாட்டு விளையாட்டு ஒளியலைகளில் அப்படியொரு பதவியை நான் இதுவரை கண்டதில்லை.

இந்தியாவில் கிரிக்கெட் வாரியமே ஒளிபரப்பைத் தயாரித்து, வர்ணனையாளர்களையும் தானே ஒப்பந்தம் செய்யும் வழக்கம் வேரூன்றியது. 2016-இல் ஐ.பி.எல். தொடங்கும் நேரத்தில் ஹர்ஷா போக்லே வர்ணனைக் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். காரணத்தைத் தன்னிடம் யாரும் சொல்லவில்லை என்றார் அவர். அத்தனை புகழ் பெற்றவருக்கே அந்த நிலை என்றால், பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பேசும் இளையவர் எந்த அளவுக்கு வாய் திறப்பார்?

இனி நம் நாட்டில் அண்மையில் நடந்ததற்கு வருகிறேன். 2025 ஜூன் 10, புக்கிட் ஜாலில். மலேசியா வியட்நாமை நான்குக்குச் சுழியம் என்று வென்றது. அன்று இரவு தொலைக்காட்சியில் இருந்த மகிழ்ச்சி எனக்கும் இருந்தது. நாட்டின் வெற்றி அல்லவா. செப்டம்பர் 26-ஆம் நாள் பிஃபாவின் அறிவிப்பு வந்தது. வெளிநாட்டில் பிறந்து, தாத்தா பாட்டி வழியில் மலேசியர் என்று சொல்லப்பட்டுச் சேர்க்கப்பட்ட ஏழு ஆட்டக்காரர்களின் ஆவணங்கள் திருத்தப்பட்டவை என்பது அதன் முடிவு. மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு 3,50,000 சுவிஸ் பிராங்க் அபராதம். ஏழு பேருக்கும் 12 மாதத் தடை. சங்கத்தின் மேல்முறையீட்டையும் பிஃபாவின் குழு நவம்பரில் தள்ளுபடி செய்தது.

யார் குற்றவாளி என்று தீர்ப்பு சொல்ல நான் வரவில்லை. என் கேள்வி செய்தி நெறியைப் பற்றியது. ஒருவருடைய தாத்தா எந்த ஊரில் பிறந்தார் என்பது பொதுப் பதிவேட்டில் தேடிப் பார்க்கக்கூடிய விவரம். தொடக்கத்திலேயே ஐயம் எழுப்பியவர்கள் நாட்டில் இருந்தார்கள். ஆனால் மூலப் பதிவைத் தேடி எடுத்து ஒப்பிட்டுக் காட்டியது பிஃபா. ஆட்டத்தை ஒளிபரப்பிய மலேசிய நிறுவனம் எதுவும் அதைச் செய்யவில்லை. ஜூனுக்கும் செப்டம்பருக்கும் இடையில் மூன்று மாதத்துக்கு மேல் நேரம் இருந்தது. அந்தப் பதிவுகள் இருந்த அர்ஜென்டினாவுக்கும் ஸ்பெயினுக்கும் ஆள் அனுப்பும் செலவு, ஒரு பருவத்தின் ஒளிபரப்பு உரிமத் தொகைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. தமிழ்ச் செய்திப் பிரிவுகளும் இதில் விலக்கல்ல. மலாயிலும் ஆங்கிலத்திலும் வந்ததை மொழிபெயர்த்து வாசித்ததற்கு அப்பால் நாம் அதிகம் போகவில்லை.

சரி, கேட்கப்படாத கேள்வி ஒரு பக்கம். காட்டப்படாத விளையாட்டு இன்னொரு பக்கம். அதற்குத் தோட்டத்துக்குத்தான் போக வேண்டும்.

ரப்பர் காலத்தில் பால்மரம் சீவும் வேலை விடியுமுன் தொடங்கும். குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக வடியும். பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொட்டிவிட்டு வந்தால், உடம்பு களைத்திருந்தாலும் மாலைப் பொழுது கையில் இருந்தது. லயத்துக்கும் கோயிலுக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் நடுவில் திடல் இருந்தது. தோட்டக் காற்பந்து அந்த வேலை நேரத்திலிருந்து பிறந்த விளையாட்டு. பிறகு செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, வீடமைப்புக்கு விற்கப்பட்டன. மக்கள் தாமான்களுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்தார்கள். பிள்ளைகள் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவிலும் சுங்கைப் பட்டாணித் தொழிற்சாலைகளிலும் ஷிப்ட் வேலைக்குப் போனார்கள். பதினொரு பேரும் ஒரே மாலையில் ஓய்வாக இருப்பது அரிதாகிவிட்டது. திடல் இருந்த இடத்தில் வீட்டு வரிசை நிற்கிறது. தோட்டத்துப் பையன்கள் இப்போது ஏன் மாநில அணிக்கு வருவதில்லை என்று கேட்பவர்களுக்கு, ஒழுக்கம் இல்லை, ஆர்வம் இல்லை என்ற பதிலைத்தான் சொல்லிப் பழகியிருக்கிறோம். நிலமும் வேலை நேரமும் மாறிய கதையை எந்த விளையாட்டு ஒளியலை அரை மணி நேர நிகழ்ச்சியாக எடுத்தது? நான் பார்த்ததில்லை. இது விளையாட்டுச் செய்தி இல்லையென்றால் வேறு எது?

இந்த ஊரில் பிறந்த ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்குவாஷ் வீராங்கனை சிவசங்கரி சுப்பிரமணியம் 1999-இல் சுங்கைப் பட்டாணியில் பிறந்தவர். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் நிக்கோல் டேவிட்டுக்கு அடுத்து வெள்ளி. 2022-இல் கடுமையான கார் விபத்து. பர்மிங்ஹாம் காமன்வெல்த் விளையாட்டுக்கு அவரால் போக முடியவில்லை. அதற்கு அடுத்த ஆண்டே ஹாங்சோவில் ஆசியத் தங்கம். 2024-இல் லண்டனில், எகிப்தின் ஹானியா எல் ஹமாமியை ஐந்து செட் ஆடி வென்று பட்டம். இவ்வளவும் நாம் அறிந்தது பெரும்பாலும் பதக்கம் கழுத்தில் ஏறிய பிறகு. வாழ்த்து, மாலை, அமைச்சரின் கைகுலுக்கல், அதோடு செய்தி முடிந்தது. ஒரு ஸ்குவாஷ் பந்தயத்தைத் தமிழில் விளக்கிச் சொல்லத் தெரிந்த வர்ணனையாளரை நாம் உருவாக்கினோமா? பீடோங் தமிழ்ப்பள்ளியில் படிக்கும் ஒரு சிறுமி நாளைக்கு மட்டையைப் பிடிக்க நினைத்தால் பக்கத்தில் ஆடுகளம் எங்கே இருக்கிறது, மணிக்கு எவ்வளவு வாடகை, பயிற்றுநருக்கு யார் பணம் கொடுப்பது என்று ஒரு செய்தியாளர் போய் விசாரித்தாரா? 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஸ்குவாஷ் முதன்முறையாக இடம்பெறுகிறது. அப்போது எல்லா ஒளியலைகளும் ஓடிவரும். கேள்விகளை இப்போதே கேட்டு வைப்பதுதான் நம் வேலை.

1924 முதல் வெளிவந்த தமிழ் நேசன் 2019 ஜனவரியோடு நின்றது. அதன் விளையாட்டுப் பக்கங்களையும் மற்ற நாளேடுகளின் பக்கங்களையும் யாரும் முறையாகத் தொகுத்ததாக எனக்குத் தெரியவில்லை. தோட்டக் கிண்ணப் போட்டிகளில் ஆடியவர்கள் முதுமையில் இருக்கிறார்கள். பட்டப்படிப்பு மாணவர்கள் இங்கே பலர் வந்திருக்கிறீர்கள். ஒலிப்பதிவுக் கருவியை எடுத்துக்கொண்டு ஹார்வார்ட் தோட்டத்துக்கும் லூனாஸுக்கும் கோல கெட்டிலுக்கும் போங்கள். அவர்கள் வாயிலிருந்து கேட்டு எழுதுங்கள். தொலைக்காட்சி செய்யாததைப் பல்கலைக்கழகம் செய்யலாம், செய்ய வேண்டும்.

தொலைக்காட்சி நிறுவனங்களிடம் நான் கேட்பது பெரிய புரட்சி இல்லை. ஒரு லீக்கைப் பற்றிச் செய்தி சொல்லும்போது, அந்த லீக்கின் ஒளிபரப்பு உரிமம் தங்களிடம் இருக்கிறது என்பதைத் திரையில் எழுதிக் காட்டட்டும். உரிமம் வாங்கும் பிரிவின் மேலதிகாரிக்குச் செய்திப் பிரிவு பதில் சொல்லத் தேவையில்லாத அமைப்பை உருவாக்கட்டும். வர்ணனையாளருக்குச் சம்பளம் கொடுப்பது யார் என்று மக்களுக்குத் தெரியட்டும். 2025-இல் மலேசிய ஊடக மன்றச் சட்டம் நடப்புக்கு வந்திருக்கிறது. அந்த மன்றத்தார் அரசியல் செய்திக்கு நெறிமுறை வகுக்கும்போது விளையாட்டை விட்டுவிடுவார்கள் என்ற அச்சம் எனக்கு உண்டு. விளையாட்டுதானே என்ற எண்ணம் ஆழமாக ஊறியிருக்கிறது. இந்தக் கருத்தரங்கு முடியும்போது, ஒளிபரப்பு உரிமத்தை வெளிப்படையாகச் சொல்வது பற்றி ஒரு தீர்மானத்தை வரைந்து மன்றத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது என் முன்மொழிவு. இன்று மாலை நிறைவு அமர்வில் அதை வாக்குக்கு விடலாம்.

இன்னொன்று. ஒரு முழுப் பருவத்தின் ஒளிபரப்பை உட்கார்ந்து பார்த்து, எந்தப் பொருளுக்கு எத்தனை நிமிடம் கொடுத்தார்கள் என்று குறித்துவைத்த ஆய்வு தமிழில் என் பார்வைக்கு வரவில்லை. அது இல்லாமல் நாம் பேசும் விமர்சனத்தை, உணர்ச்சிப் பேச்சு என்று நிறுவனங்கள் ஒதுக்கிவிடும். நான் இங்கே சொன்னதிலும் பார்வையாளனாகக் கவனித்தது நிறைய இருக்கிறது. அதைச் சோதித்து, தேவையானால் மறுத்து எழுதுங்கள். முதல் அமர்வின் கட்டுரைகள் தமிழ்ச் செய்தி அறிக்கைகளில் விளையாட்டுக்குக் கிடைக்கும் இடத்தைப் பற்றியவை. கட்டுரையாளர்களையும் அமர்வுத் தலைவரையும் மேடைக்கு அழைக்கிறேன். கேள்வி நேரத்தைத் தயவுசெய்து சுருக்கிவிடாதீர்கள்.