நிகாஹும் அரசுப் பதிவும்



புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக!

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒரே பாலினத்தவரின் திருமணத்தை அனுமதிக்கும் சட்டம் 2013-ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. நம் இமாம்களும் இத்தகைய திருமணங்களை நடத்தி வைக்கக் கட்டாயப்படுத்தப்படுவார்களோ என்ற அச்சம் இத்தகைய வேளைகளில் எழுவது இயல்பே. அச்சட்டமே அதற்கு விடையளித்துள்ளது. எந்த மத அமைப்பையும், எந்த மதகுருவையும் கட்டாயப்படுத்த இயலாது. தாமாக இசைவு தரும் அமைப்புகள் மட்டுமே நடத்தலாம்.

ஆக, அரசு பதியும் திருமணம் வேறு. மார்க்கம் விதித்த நிகாஹ் வேறு. ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே, சாட்சிகள் முன்னிலையில், மஹருடனும் ஈஜாப் கபூலுடனும் நிறைவேறும் நிகாஹின் இலக்கணத்தை எந்த நாடாளுமன்றமும் மாற்றிவிட முடியாது. இதில் நமக்கு உறுதி வேண்டும். அதே வேளையில், எவரையும் ஏளனம் செய்யவோ துன்புறுத்தவோ மார்க்கம் நமக்கு அனுமதி தரவில்லை என்பதையும் மறந்துவிடலாகாது.

அன்பிற்குரியவர்களே! இந்தப் பிரிவினைக்கு மற்றொரு பக்கமும் உண்டு. அரசை நம் நிகாஹிலிருந்து விலக்கி நிறுத்தும் அதே சுவர், அரசின் பாதுகாப்பையும் நம் பெண்களிடமிருந்து விலக்கி நிறுத்துகிறது.

1998-இல் லண்டனில் ஒரு சகோதரிக்கு நிகாஹ் நடந்தது. அரசுப் பதிவும் செய்ய வேண்டுமென அவர் கணவரிடம் பலமுறை கேட்டார், அது நடக்கவேயில்லை. ஏறத்தாழ 18 ஆண்டுகள் வாழ்ந்து, நான்கு மக்களைப் பெற்றபின் இருவரும் பிரிந்தனர். 2020 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்த நிகாஹ் சட்டத்தின் பார்வையில் திருமணமே அல்ல எனத் தீர்ப்பளித்தது. மனைவி என்ற முறையில் சொத்தில் பங்கு கோரும் வழி அவருக்கு அடைபட்டது. நிகாஹுக்கு முன்னரோ அதனுடனோ அரசுப் பதிவும் நடைபெற வேண்டுமென 2018-லேயே அந்நாட்டு அரசு அமைத்த ஆய்வுக்குழு பரிந்துரைத்திருந்தது.

சிந்தியுங்கள்! அல்லாஹ்விடத்தில் அவர் மனைவி; சட்டத்திடத்தில் அவர் யாருமில்லை. திருமணத்தை உறுதியான உடன்படிக்கை என்று திருக்குர்ஆன் (4:21) கூறுகிறது. சிறிய கடனாயினும் எழுதி வைக்கச் சொல்கிறது (2:282). கடனுக்கே எழுத்து வேண்டுமெனில், ஒரு பெண்ணின் வாழ்வுக்கு வேண்டாமா?

நம் நாட்டில் முஸ்லிம் தனியார் சட்டப்படி நிகாஹ் சட்டத்திலும் செல்லும். எனினும் தமிழகத்தில் 2009-ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பதிவையும் கட்டாயமாக்கியுள்ளது. மஹல்லா தஃப்தரில் கையொப்பமிட்டதோடு கடமை முடிந்ததென எண்ணாதீர்கள். உங்கள் மகளின் நிகாஹ் பிரிட்டனில் நடக்குமாயின், மஹர் பேசும் அதே சபையில் பதிவுக்கான நாளையும் பேசி முடியுங்கள். பதிவு வேண்டாமென மறுக்கும் மாப்பிள்ளையிடம் காரணம் கேளுங்கள்.

நிகாஹின் தூய்மையையும் நம் பெண்மக்களின் உரிமையையும் ஒருசேரக் காக்க வல்ல ரஹ்மான் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.