ஆண் டரான்டுலாவின் கடைசி மாதங்கள்

(சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

சிலந்தியைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் முன்வரிசை கொஞ்சம் காலியாகிவிட்டது. பரவாயில்லை.

நம் குடியிருப்பில் டரான்டுலா வளர்த்த தம்பி ஒருவன், அது இறந்ததற்குத் தன் கவனக்குறைவுதான் காரணம் என்று வருந்துகிறான். தம்பி, அது முதிர்ந்த ஆண். பெண் டரான்டுலா பத்து வருடத்துக்கு மேலும் இருக்கும். சில இனங்களில் இருபதையும் தாண்டும். வளர்ந்த பிறகும் அது தோலுரித்துப் புது உடம்பு எடுத்துக்கொள்ளும். ஆணுக்கு அந்த வசதி இல்லை. பருவமடையும்போது உரிப்பதே பெரும்பாலும் கடைசி. அதன்பின் சில மாதம், மிஞ்சினால் ஒன்றிரண்டு வருடம். மறுபடி உரிக்க முயன்றால் பழைய தோலில் சிக்கியே பல இறந்துவிடும்.

வாயருகே உள்ள இரண்டு சிறிய உணர்கால்களின் நுனி குத்துச்சண்டைக் கையுறை மாதிரி உருண்டிருந்தால் அது பருவமடைந்த ஆண். சாப்பாடு குறையும், பெண்ணைத் தேடி ராத்திரியெல்லாம் பெட்டியைச் சுற்றும். அப்போது இரையைத் திணிக்காதீர்கள், தின்னாத பூச்சியை எடுத்துவிடுங்கள். தண்ணீர்த் தட்டு காயக்கூடாது. மூடி இறுக்கமாக இருக்கட்டும். நடை தடுமாறத் தொடங்கினால் மருந்து கிடையாது. தொந்தரவு செய்யாமல் விடுவதுதான் வைத்தியம்.

இதே மன்னார் வளைகுடாக் கரையில், ராமேஸ்வரத்தில், நமக்கென்றே ஒரு டரான்டுலா உண்டு. 2004-இல் ஆண்ட்ரூ ஸ்மித் அதைப் புது இனமாக விவரித்து, அங்குள்ள அனுமவிலாசம் கோயிலின் பெயரையே வைத்தார்: பொய்சிலோதீரியா அனுமவிலாசுமிகா. ராமேஸ்வரம், மண்டபம் பக்கத்துப் பனை, புளிய மரங்களில் வாழ்கிறது. கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கை மன்னாரிலும் பார்த்திருக்கிறார்கள். அழிவின் விளிம்பில் உள்ளவற்றில் ஒன்று. 2019 முதல் இந்தப் பேரினம் முழுவதன் பன்னாட்டு வணிகமும் சைட்டிஸ் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஆகவே பிடித்து வளர்க்கும் ஆசை வேண்டாம்.

காட்டு ஆணுக்கும் அதே சில மாதம்தான். அதற்குள் வேறொரு மரத்தில் இருக்கும் பெண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். தோப்பை வெட்டி மனை போட்டால் அது எங்கே போகும்? நம் வீட்டுச் சுவரில்தான் ஏறும்.

அந்தப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகும்போது கண்டால் விளக்குமாற்றைத் தேடாதீர்கள். பிளாஸ்டிக் டப்பாவால் மூடி, அடியில் கெட்டி அட்டையைச் செருகி, அருகிலுள்ள மரத்தடியில் விடுங்கள். வெறுங்கையால் தொடவே கூடாது. இந்தப் பேரினம் கடித்தால் கடுமையான தசைப்பிடிப்பு வரும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.