ஈட்டி தந்த பெயர்

ரஷ்யாவில் நூறு கோபெக் சேர்ந்தால் ஒரு ரூபிள். அந்தச் சின்னக் காசை ரஷ்யர்கள் கபேய்க்கா என்பார்கள். அவர்கள் மொழியில் கப்யோ என்றால் ஈட்டி. காசுக்குப் பெயர் தந்தது ஈட்டிதான் என்பது என் துணிபு. ஒலி ஒத்துப்போகிறது என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அப்படி ஒரு பெயர் அன்றைய மக்களுக்குத் தேவைப்பட்டது. பின்னாளில் ‘பயங்கர இவான்’ எனப்பட்ட நான்காம் இவான் சிறுவனாக இருந்தபோது, தாய் எலேனா கிளின்ஸ்கயா அவன் பெயரால் ஆண்டாள். வெள்ளிக் காசின் ஓரத்தை வெட்டித் திருடுவதும் கள்ளக்காசும் பெருகிவிட்டதால், 1535இல் அவள் நாணயமுறையைச் சீர்திருத்தினாள். அதன்பின் புழங்கிய காசுகளில் இரண்டு இங்கே முக்கியம். இரண்டும் மீன் செதில் அளவே, இரண்டிலும் குதிரைவீரன். மாஸ்கோ காசில் அவன் கையில் வாள், நோவ்கொரோத் காசில் ஈட்டி. ஈட்டிக் காசின் எடை ஏறக்குறைய 0.68 கிராம், வாள் காசைப் போல் இரு மடங்கு. எழுத்தறியாதவரும் மதிப்பை அறிய வீரனின் கையைப் பார்த்தால் போதும். கண்ணுக்குத் தெரிந்த அந்த வேறுபாடே பெயராயிற்று. ஈட்டியால்தான் இப்பெயர் வந்தது என்று ரஷ்ய வரலாற்றுக் குறிப்பேடும் சொல்கிறது.

இதை மறுப்பவர்கள் மத்திய ஆசியாவைக் காட்டுகிறார்கள். 14ஆம் நூற்றாண்டில் அங்கே ஆண்ட கெபெக் கான் வெளியிட்ட காசு அவன் பெயராலேயே வழங்கியது. தெங்கா, அல்தின் போன்ற ரஷ்யப் பணப்பெயர்கள் துருக்கிய மொழிகளிலிருந்து வந்தவை என்பதால் இந்த ஐயத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் கானின் பெயர்தான் வந்தது என்றால், ஈட்டிக் காசு மட்டும் அதைப் பெற்றது ஏன்? வாள் காசு ஏன் பெறவில்லை? அந்த வாதத்தில் இதற்கு விடை இல்லை. ஈட்டிதான் காரணம் என்றால், காசிலேயே ஏன் கபேய்க்கா என்று பொறிக்கவில்லை என்றும் கேட்கலாம். அன்றைய காசில் இடம்பெற்றது அரசரின் பெயரும் பட்டமும்தான். அரசு ஏடுகளில் அது நோவ்கொரோத் காசு. கபேய்க்கா என்பது கடைவீதி வைத்த பெயர். மகா பீட்டர் 1704இல் செப்புக் காசு அடித்தபோது அந்தப் பெயரையே அதன்மேல் பொறித்தார். ஏறத்தாழ 170 ஆண்டு மக்கள் வாயில் வழங்கிய பெயரை அரசு ஏற்றுக்கொண்டது. ஆகவே காசின் வரலாற்றை எழுதும்போது, அரசாணைகளோடு அதைக் கையில் வாங்கிய எளிய மக்களின் பேச்சையும் சான்றாகக் கொள்ள வேண்டும்.