தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்



ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவரின் நினைவாகக் கூடியிருக்கிறோம். இந்த மேடையில் கிறிஸ்தவத் தாழ்மையைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும் சில தோழர்கள் முகம் சுளித்தார்கள். குண்டடி பட்டுச் செத்தவர்களின் பெயரால் பிரசங்கமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

நம்மில் மனு எழுதாதவர் யார்? திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் எத்தனை மனு கொடுத்திருக்கிறோம்! பட்டா கேட்டு, சுடுகாட்டுப் பாதை கேட்டு, சாதிச் சான்று கேட்டு. எல்லா மனுவும் ஒரே மாதிரிதான் முடிகிறது: 'தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.' நமக்குச் சொந்தமானதைக் கேட்கவும் தாழ்மை வேண்டியிருக்கிறது. அந்தச் சொல்லை நமக்கு ஊரும் கற்றுக் கொடுத்தது, கோயிலும் கற்றுக் கொடுத்தது. தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டவைத்தது ஊர். அந்தக் குனிவுக்குப் புண்ணியம் என்று பெயர் வைத்தது பிரசங்கம்.

எங்கள் சிறுவயதில் ஒரு சாவு நடந்தது. ஊர்த்தெரு வழியாகப் பிணத்தைக் கொண்டுபோகக் கூடாதென்று மறித்தார்கள். மறித்தவர்களிலும் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். ஏரிக்கரையைச் சுற்றி, சேற்றில் கால் புதையத் தூக்கிப் போனோம். அடுத்த ஞாயிறு பூசையில் சாந்தகுணத்தைப் பற்றிப் பிரசங்கம். சாமியாரின் முகம் நாங்கள் உட்கார்ந்திருந்த பக்கம்தான் திரும்பியிருந்தது. மறித்தவர்கள் இருந்த பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. சமூகவியல் படித்து அறிந்துகொண்டதைவிட அந்தப் பிரசங்கத்தில் அறிந்துகொண்டது அதிகம்.

ஆகவே தாழ்மையைத் தூக்கி எறிந்துவிடலாம் என்று தோன்றும். எங்களுக்கும் பல ஆண்டுகள் அப்படித்தான் தோன்றியது. கன்னியர் மடத்தை விட்டு வெளியே வந்து பாமா 1992இல் 'கருக்கு' எழுதினார். படித்தபோது நம் வீட்டுக் கதையை யாரோ சொல்லிவிட்டார்கள் என்றிருந்தது. மடத்துக்குள்ளும் சாதி இருக்கிறது, பணிவு சிலருக்கு மட்டும் விதிக்கப்படுகிறது என்பதை அந்தப் புத்தகத்துக்குப் பிறகு யாரும் மறைக்க முடியவில்லை.

ஆனால் வேதத்தைத் திரும்பப் புரட்டிய ஒரு நாளில் வேறொன்று கண்ணில் பட்டது. மலைப்பொழிவில் சாந்தமுள்ளவர்களுக்கு இயேசு என்ன வாக்குக் கொடுக்கிறார்? மோட்சத்தையா? மன அமைதியையா? இல்லை, நிலத்தை. பழைய மொழிபெயர்ப்பில் அது 'பூமி'. பூமி என்றதும் பிரசங்கிகள் உருண்டையான உலகத்துக்குத் தாவிவிடுகிறார்கள். நம் வீடுகளில் 'பூமி வாங்கினான்' என்றால் கழனி வாங்கினான் என்றுதான் அர்த்தம். அந்த வாக்கு 37ஆம் சங்கீதத்திலிருந்து வருகிறது. அநியாயம் செய்கிறவன் செழிப்பாக இருக்கிறானே என்று பொருமும் மக்களுக்காகப் பாடப்பட்டது அந்தச் சங்கீதம். அதில் சாந்தமுள்ளவர்களைக் குறிக்கும் எபிரேயச் சொல் 'அனாவீம்'. ஒடுக்கப்பட்டு, குனியவைக்கப்பட்டு, கடவுளைத் தவிர வேறு துணை இல்லாமல் நிற்பவர்கள். குனியவைக்கப்பட்டவர்கள் நிலத்துக்கு உரியவர்கள் ஆவார்கள் என்ற வாக்கை, 'குனிந்தே இரு' என்ற கட்டளையாக மாற்றியது யார்?

மோசேதான் உலகத்திலேயே மிகவும் சாந்தமானவர் என்று எண்ணாகமம் சொல்கிறது. அங்கும் அதே சொல்தான். எந்த மோசே? பார்வோனின் அரண்மனைக்குப் போய், என் ஜனங்களை விடு என்று திரும்பத் திரும்பக் கேட்டவர். மறு கன்னத்தைக் காட்டச் சொன்ன இயேசுவை விசாரணையில் ஒரு காவலாளி கன்னத்தில் அறைந்தான். அவர் மறு கன்னத்தைக் காட்டவில்லை. நான் தப்பாகப் பேசியிருந்தால் அதை நிரூபி, சரியாகப் பேசியிருந்தால் ஏன் அடித்தாய் என்று கேட்டார். பிலிப்பி நகரத்தில் பவுலைச் சட்டத்துக்குப் புறம்பாக அடித்துச் சிறையில் போட்டுவிட்டு, மறுநாள் கமுக்கமாகப் போகச் சொன்னார்கள். அவர் நகரவில்லை. அடித்த அதிகாரிகளே நேரில் வரட்டும் என்றார். நாம் இதைத் தர்ணா என்போம். இந்தப் பகுதிகளை நம் கோயில்களில் யாராவது தாழ்மைக்கு உதாரணமாகப் பிரசங்கித்து நீங்கள் கேட்டதுண்டா?

இதை ஏன் செங்கல்பட்டில் நின்று சொல்கிறோம்? நிலம் என்ற பேச்சு இங்கேதான் அரசாங்கத்தின் காகிதத்தில் ஏறியது. சுதந்திரத் திருச்சபையின் பாதிரி ஆதாம் ஆண்ட்ரூ, ஸ்காட்லாந்துக்காரர், செங்கல்பட்டில் இருந்தார். வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கௌடி திருவள்ளூர்ப் பக்கம் இருந்தார். ஆன்மாவை மீட்க வந்த இவர்கள் மிராசு முறையைப் பார்த்தார்கள். தரிசு நிலத்தை ஒரு பறையர் கேட்டால் மிராசுதாருக்கே முதல் உரிமை. குடிசை நிற்கும் மனைகூட மிராசுதாருடையது. எதிர்த்துப் பேசினால் குடிசையே போய்விடும். அப்படி இருக்கையில் பணிவை ஒருவர் எப்படித் தேர்ந்தெடுக்க முடியும்? வேறு வழி இல்லாதவரிடம் அது குணமாக எப்படி இருக்கும்? நிலம் கொடுங்கள் என்று பாதிரிகள் அரசாங்கத்தை நெருக்கினார்கள். கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் செங்கல்பட்டுப் பறையர்களைப் பற்றிய தன் அறிக்கையைக் கொடுத்தார். 1892இல் அரசாணை வந்தது. நாம் பஞ்சமி நிலம் என்றும், பதிவேடுகள் டி.சி. நிலம் என்றும் சொல்வது அப்படி வந்ததுதான். சென்னை மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் என்று நம் இயக்கங்கள் கணக்குச் சொல்கின்றன. பிற சாதியாருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தும் பெரும்பகுதி கைமாறிவிட்டது. பாதிரிகளைப் புகழ இதைச் சொல்லவில்லை. மதம் மாறினால் நல்ல வேலைக்காரர்களாவார்கள் என்று நினைத்த பாதிரிகளும் உண்டு. ஆனால் தாழ்மை என்றால் என்ன என்று ஆண்ட்ரூவுக்குப் புரிந்திருந்தது. மேலே நின்றவர் கீழே வந்து பார்த்தார்.

பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தில் பவுல் சொல்வதும் இதுதான். கடவுளின் நிலையில் இருந்தவர் தன்னை வெறுமையாக்கி அடிமையின் உருவம் எடுத்தார். இறங்குவதற்கு முதலில் உயரம் வேண்டும். நமக்கு ஏது உயரம்? பெரிய வியாழனன்று பங்குச்சாமியார் பன்னிரண்டு பேரின் பாதம் கழுவுகிறார். நல்லது. மறுநாள் அதே பங்கில் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே சுவர் நிற்கிறது என்றால், கழுவிய தண்ணீர் எங்கே போயிற்று?

மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் காரணை. கடற்கரைச் சாலை வந்து, நிலம் சென்ட் கணக்கில் விலைபோகத் தொடங்கிய பகுதி. தங்கள் பஞ்சமி நிலத்தை மீட்கப் போனவர்கள் அங்கே அண்ணல் அம்பேத்கர் சிலையை வைத்தார்கள். சிலை அகற்றப்பட்டது. அதைக் கேட்டு 1994 அக்டோபர் 10ஆம் நாள் செங்கல்பட்டில் திரண்டவர்கள் மீது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். ஒரு பெயர் வேதத்திலிருந்து வந்தது, இன்னொன்று திருப்பதி மலையிலிருந்து வந்தது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை இந்த இரண்டு பெயர்களையும் இரண்டு பட்டியலில் பிரித்து வைத்திருக்கிறது. குண்டுக்கு அந்தப் பட்டியல் தெரியவில்லை. அன்று அவர்கள் கேட்டது மலைப்பொழிவில் சொன்ன அதே நிலத்தைத்தான். சாந்தமுள்ளவர்கள் என்று யாரைச் சொல்வீர்கள், அவர்களையா, சுட்டவர்களையா?

கடைசியாக நமக்குள்ளேயும் ஒன்று பேச வேண்டும். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். ஊருக்கு முன் குனிய மறுத்த நாம், நம்மைவிடக் கீழே தள்ளப்பட்டவர்களுக்கு முன் நிமிர்ந்து நிற்கிறோம். அருந்ததியத் தோழர் பேசும்போது நம் முன்வரிசை தேநீர் குடிக்க எழுந்து போகிறது. மனுக்களை எழுதி, தாலுகா அலுவலகத்தில் நாள் முழுக்க நின்றவர்கள் பெண்கள். மேடையில் அவர்களுக்கு நன்றியுரை மட்டும் மிச்சம் இருக்கிறது. இங்கே நமக்கு உயரம் இருக்கிறது, இறங்க வேண்டியவர்கள் நாம்தான். எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறோம். உங்கள் ஊரின் பழைய 'அ' பதிவேட்டைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். டி.சி. என்று குறிப்பு உள்ள சர்வே எண்களை எழுதிக்கொள்ளுங்கள். இன்றைய சிட்டாவில் அந்த எண்கள் யார் பெயரில் இருக்கின்றன என்று பாருங்கள். பிறகு மனு எழுதுங்கள். கடைசி வரியில் 'தாழ்மையுடன்' வேண்டாம். 'கோருகிறோம்' என்று எழுதினால் போதும். தேதி போட்டு, ரசீது வாங்கிக்கொண்டு வாருங்கள்.