எந்தத் தெரு?



நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊர் புதூரில் தெருக்குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அம்மா குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் களையெடுக்கப் போய்விடுவாள். திரும்பி வரும்போது பக்கத்து வீட்டு அத்தை அதையும் நிரப்பி ஓரமாக வைத்திருப்பாள். ராபர்ட் புட்னம் என்ற அமெரிக்க அறிஞர் இதைச் சமூக மூலதனம் என்பார். சங்கங்களும் கூட்டுறவும் தழைத்த வட இத்தாலியில் மாநில ஆட்சிகளும் நன்றாக நடந்தன என்று 1993இல் ஒரு நூலே எழுதினார். அத்தை அதையெல்லாம் படித்தவள் இல்லை.

ஆனால் அத்தையின் கை அடுத்த தெருக் குடத்துக்கு நீண்டதில்லை. நம் கரிசல் ஊர்களில் புதிதாக வருபவரிடம், “எந்தத் தெரு?” என்று கேட்போம். சாதியைக் கேட்காமலே சாதியைத் தெரிந்துகொள்ளும் கேள்வி அது. நானும் கேட்டிருக்கிறேன்.

இந்தக் கேள்வியை அழிக்க அரசே தெரு கட்டிப் பார்த்தது. 1998இல் மேலக்கோட்டையில் திறந்த முதல் சமத்துவபுரத்தில் 100 வீடுகள்: ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10. பெரிய காரியம்தான். ஆனாலும் சுவரை அரசு எழுப்பலாம். குழம்புக் கிண்ணம் வீடு மாறுவதற்கு அரசாணை போட முடியுமா?

சுற்றுக் கிராமங்களில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராமசபை கூடுகிறது. 500 பேருக்குள் இருக்கும் ஊராட்சியில் 50 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். வீடு யாருக்கு, ஊரக வேலைத் திட்டத்தின் கணக்கு என்ன என்பதெல்லாம் அங்கே பேசவேண்டியவை. தனிக்கட்டையாக இருக்கும் ஒரு கிழவிக்குப் பென்சன் நின்றுபோனது பக்கத்து வீட்டுக்குத்தான் முதலில் தெரியும். அவள் அடுத்த தெருக்காரி என்றால்? எழுந்து சொல்ல ஆளில்லை. தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து மட்டும் நிறைகிறது.

பட்டம் வாங்கும் பிள்ளைகளே, வரும் ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றி மிட்டாய் வாங்கியதும் கிளம்பிவிடாதீர்கள்; அன்று கிராமசபையும் கூடும். அதற்கு முந்தின நாள் சாயங்காலம், நீங்கள் இதுவரை தண்ணீர் வாங்கிக் குடிக்காத ஒரு தெருவுக்குப் போங்கள். ஒரு திண்ணையில் உட்கார்ந்து, “பாட்டி, பென்சன் வருதா?” என்று கேளுங்கள். பாட்டி பதிலுக்கு, “நீ எந்தத் தெருப்பா?” என்பாள்.