எண்ணெய் அழுத்தமும் என்ஜினின் ஆயுளும்

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



காய்கறிக் கூடைகளையும், பால் கேன்களையும், உர மூட்டைகளையும் சுமந்து செல்லும் பிக்கப் வண்டி இன்று கிராம வாழ்வின் ஓர் அங்கமாகிவிட்டது. புது வண்டி வாங்க வசதி இல்லாத நம்மவர் பலர், பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடிய வண்டியை வாங்கிப் பிழைப்பு நடத்துகின்றனர். அதில் குறை ஏதும் இல்லை. ஆயினும் பழைய வண்டிக்குப் பராமரிப்பு அதிகம் வேண்டும். அவ்வகையில், ஓட்டுநரின் முன்னே எரியும் ஒரு சிறு சிவப்பு விளக்கையும், அதனை எரியச் செய்யும் சிறு கருவியையும் பற்றி இன்று நாம் சிந்திப்போம்.

என்ஜினின் உள்ளே கிராங்க் ஷாஃப்ட் பெயரிங்குகளின் மீது நேரடியாக உராய்ந்து சுழல்வதில்லை. இரண்டுக்கும் இடையே மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று நிற்கிறது. ஆயில் பம்ப் கொடுக்கும் அழுத்தமே அப்படலம் அறாமல் காக்கிறது. அழுத்தம் அறவே இல்லாமற்போனால் இரும்பும் இரும்பும் உரசிச் சூடேறி, சில நிமிடங்களிலேயே என்ஜின் இறுகிவிடக்கூடும். பிறகு அதனைப் பிரித்துச் சீர்செய்யும் செலவு, ஒரு போகத்தின் லாபத்தையே விழுங்கிவிடும்.

இவ்வழுத்தத்தை அறிவிக்கும் கருவி என்ஜினின் பக்கவாட்டில் எண்ணெய் ஓடும் துவாரத்தில் திருகப்பட்டிருக்கும். இது இரு வகைப்படும். ஒன்று, விளக்கை எரியச் செய்யும் சுவிட்ச். அழுத்தம் மிகவும் குறையும்போது இதனுள்ளே மின்சுற்று இணைந்து விளக்கு எரியும். அழுத்தம் ஏறியதும் சுற்று அறுந்து விளக்கு அணையும். மற்றொன்று, முள் காட்டும் கேஜுக்குச் செய்தி அனுப்பும் யூனிட். அழுத்தத்திற்கு ஏற்ப இதன் மின்தடை மாறுவதால் முள் ஏறி இறங்கும். இரண்டிலும் உள்ளே மெல்லிய தகடு ஒன்று உண்டு. நாட்பட அது கிழிந்தால் எண்ணெய் கசியும். அல்லது பொய்ச் செய்தி வரும்.

இங்கேதான் நம்மவர் இரண்டு விதமாகத் தவறுகின்றனர். 'சுவிட்ச்தான் கெட்டுவிட்டது' என்று தாமே முடிவு செய்து, ஒயரைப் பிடுங்கிவிட்டு வண்டியை ஓட்டுவோர் ஒரு சாரார். விளக்கு எரிந்தவுடனே என்ஜினே போய்விட்டது என்று அஞ்சி, முழுதும் பிரித்துப் பணத்தைச் செலவிடுவோர் மற்றொரு சாரார். இரண்டும் வேண்டா. முதலில் அளந்து பார்த்தல் வேண்டும். அளந்த பின்னரே மாற்றுதல் வேண்டும்.

ஓடும்போது விளக்கு எரிந்தால் உடனே ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைத்துவிடுக. சமதரையில் சில நிமிடம் நிறுத்திய பின், அளவுக் கம்பியை எடுத்துத் துடைத்து மறுபடி இட்டு எண்ணெய் அளவைப் பார்க்க. குறைந்திருந்தால் உரிய எண்ணெயை ஊற்றுக. அளவு சரியாக இருந்தும் விளக்கு அணையாவிடில் வண்டியை மேலும் ஓட்டாமல் பட்டறைக்கு இழுத்துச் செல்க.

பட்டறையில், அக்கருவியைக் கழற்றிவிட்டு அதே துவாரத்தில் மின்சாரம் வேண்டாத அழுத்தமானியை மாட்டச் சொல்லுங்கள். 1849-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டவரான யூஜீன் பூர்தோன் கண்ட வளைகுழாய்த் தத்துவத்தில் இயங்கும் எளிய கருவி அது. என்ஜின் நன்கு சூடேறிய பின், மெதுவாக ஓடும்போதும் வேகமாக ஓடும்போதும் அளக்க வேண்டும். நிமிடத்திற்கு 1000 சுற்றுக்கு ஏறக்குறைய 10 பவுண்டு அழுத்தம் என்பது பழைய மெக்கானிக்குகள் கொள்ளும் பொதுக் கணக்கு. ஆயினும் வண்டியின் கையேட்டில் கண்ட அளவே முடிவானது. அழுத்தம் சரியாக இருந்தால் கோளாறு கருவியிலோ ஒயரிலோதான் என்று தெளியலாம். குறைவாக இருந்தால் ஆயில் பம்ப், அடைபட்ட சல்லடை, தேய்ந்த பெயரிங், டீசல் கலந்து நீர்த்த எண்ணெய் ஆகியவற்றை ஆராய வேண்டும். அப்போது புதுச் சுவிட்ச் மாட்டிப் பயனில்லை.

சுவிட்ச் வகை விளக்குள்ள பழைய வண்டியில் ஒயரையும் எளிதில் சோதிக்கலாம். சாவியைத் திருப்பி வைத்துக்கொண்டு, ஒயரைச் சுவிட்சிலிருந்து கழற்றினால் விளக்கு அணைய வேண்டும். அணையாவிடில் ஒயர் எங்கோ உரசி வண்டியின் உடலைத் தொடுகிறது என்பது பொருள். மின்னணுக் கட்டுப்பாடு உள்ள புதிய வண்டிகளில் இவ்வாறு செய்தல் ஆகாது.

இனி மாற்றும் முறை. என்ஜின் ஆறட்டும், பாட்டரியின் நெகடிவ் ஒயரைக் கழற்றுக. சுற்றிலும் உள்ள அழுக்கைத் துடைக்க; இல்லையேல் மண் உள்ளே விழும். கீழே ஒரு தட்டை வைத்து, அளவான ஸ்பேனரால் பழையதைக் கழற்றுக. அதனைக் கையோடு கொண்டுபோய் மரையும் முனைகளும் ஒத்த புதியதை வாங்குக. சுவிட்சுக்குப் பதில் கேஜ் யூனிட்டை மாட்டினால் வேலை செய்யாது. புதியதை முதலில் கையால் திருகி, மரை நேராக ஏறிய பின்னரே ஸ்பேனரால் அளவாக இறுக்குக. மிகையாக முறுக்கினால் கருவி உடையும், மரையும் கெடும். ஒற்றை ஒயர் உள்ள கருவிக்கு அந்த மரை வழியாகவே எர்த் கிடைக்கிறது. ஆதலின் மரையில் டேப்பை மொத்தமாகச் சுற்றுதல் கூடாது. பின்னர் என்ஜினை ஓட்டி விளக்கு அணைகிறதா, கசிவு உண்டா என்று பார்த்து, எண்ணெய் அளவையும் மறுபடி சரிபார்க்க.

இக்கருவியின் விலை பெரும்பாலும் சில நூறு ரூபாய்தான். அதனினும் மலிவானது ஒரு பழக்கம். நாள்தோறும் ஸ்டார்ட் செய்யுமுன் சாவியைத் திருப்பியவுடன் அவ்விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியாத விளக்கு ஆபத்துக் காலத்திலும் எரியாது.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊராட்சி வண்டியின் பதிவேட்டில் எண்ணெய் மாற்றிய நாளையும், கருவி மாற்றிய நாளையும், அளந்த அழுத்தத்தையும் எழுதி வையுங்கள். வடித்த பழைய எண்ணெய் வாய்க்காலிலும் கிணற்றடியிலும் சேராமல் காத்திடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சரக்கு ஏற்றிய வண்டியை விளக்கு எரிந்ததென்று நடுவழியில் நிறுத்தும் ஓட்டுநரைக் கடிந்துகொள்ளாதீர்கள். சந்தைக்குத் தாமதமாயிற்று என்று நாம் ஒரு முறை ஏசினால், மறுமுறை அவர் நிறுத்தமாட்டார். ஒரு நாள் சந்தை போனால் மறுநாள் உண்டு. என்ஜின் போனால் பல நாள் பிழைப்பும் உடன் போகும். இதனை நினைவிற் கொண்டு நம் வண்டிகளைக் காப்போமாக.