பந்தை உதைக்காத கால்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



மேடைப் படியில் நான் கைப்பிடியைப் பிடித்து ஏறியதைச் சிலர் கவனித்திருப்பீர்கள். வயசு காரணமல்ல. இதே மைதானத்தில், கடைசி வருஷம், கார்னர் பந்தைத் தலையால் முட்ட எம்பினேன். இடது காலில் இறங்கினேன், முழங்கால் திருகிக்கொண்டது. அத்தோடு என் கால்பந்து முடிந்தது. "நேரம் சரியில்லைடா" என்று நண்பர்கள் தேற்றினார்கள். அந்தக் கால் பலவீனமாக இருந்ததா? யாரும் சோதித்ததில்லை.

பிறகு நானே உடற்கல்வி ஆசிரியரானேன். எங்கள் பள்ளி அணியில் ஒரு பையன். விரலில் சாக்பீஸ் தூள் தடவி, சுவரோரம் எம்பித் தொடும் சோதனை வைப்போம். சார்ஜென்ட் என்ற அமெரிக்கரின் பெயரால் அறியப்படும் எளிய முறை அது. இரு காலால் எம்பியதில் அவன்தான் முதல். ஒற்றைக் காலில் எம்பச் சொன்னேன். வலதில் 30 சென்டிமீட்டர், இடதில் 24. "சார், டீமை விட்டு எடுத்துடாதீங்க சார்" என்று கண் கலங்கினான்.

இரு காலால் எம்பும்போது பலமான கால் மற்றதன் குறையை மறைத்துவிடும். ஆட்டத்திலோ ஓடிவந்து எம்புவதும் இறங்குவதும் பல நேரம் ஒற்றைக் காலில்தான். ஒரு கால் உதைத்தே பழகுகிறது, மற்றது ஊன்றியே பழகுகிறது. கொஞ்சம் வித்தியாசம் எல்லோருக்கும் உண்டு. 10 சதவீதம் வரை பொதுவாகக் கவலை வேண்டாம். அதைத் தாண்டி, மூன்று முறை சோதித்தும் அதே கால் பின்தங்கினால் கவனியுங்கள். 13, 14 வயதில் உடம்பு வேகமாக வளர்வதால் சில மாதத்துக்கொரு முறை பார்ப்பது நல்லது.

பயிற்சிக்குப் பெரிய செலவில்லை. ஒற்றைக் காலில் பாதி உட்கார்ந்து எழுதல், படியேறி இறங்குதல், எம்பி இறங்கி அசையாமல் நிற்றல். பலவீனமான காலில் தொடங்க வேண்டும். ஃபிஃபாவின் '11 பிளஸ்' என்ற 20 நிமிடப் பயிற்சியிலும் இத்தகையவை உண்டு. நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்கள் அதைச் செய்தபோது காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2008-இல் ஆய்வு வெளியானது.

அந்தப் பையனை நான் எடுக்கவில்லை. மூன்று மாதத்தில் இடது கால் 28-ஐத் தொட்டது. அந்த வருஷம் முழுக்க ஆடினான்.

தம்பி தங்கைகளே, சாப்பாடு முடிந்ததும் மைதானச் சுவர் பக்கம் வாங்க. சாக்பீஸ் நான் கொண்டுவந்திருக்கிறேன்.